ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சபை எதற்கு?

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துச் சுங்கை பூலோவில் வேலைக்கு வந்து தங்கியிருக்கும் ஒரு தங்கை கேட்ட கேள்வி இது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), கடைவீட்டு மாடியில் கூடும் ஒரு சிறிய தமிழ் சுவிசேஷ சபைக்கு அவர் கொஞ்ச நாளாகப் போகிறார். அங்கே எல்லாரும் "நாம ஆஸ்பத்திரிச் சபை" என்கிறார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் என்ன வரலாறு இருக்கிறது? அவர்களுடைய வேலைதான் என்ன? வீட்டில் அம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். "படுத்துக் கெடக்குற சனங்கள மதம் மாத்தத்தான் போறாங்க" என்று சொல்கிறார். அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

தங்கச்சி, அம்மா கேட்டது நியாயமான கேள்வி. நான் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சபையில் மூப்பனாகவும் இருக்கிறேன். கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன். தெருவில் ஒருவர் பிரசங்கம் செய்தால் பிடிக்காதவர் நடந்து போய்விடலாம். கையில் டிரிப் ஏறிக்கொண்டிருப்பவர் எங்கே போவார்? அதனால் வார்டுக்குள் பேசப் போகிறவனுக்குப் பொறுப்பு பல மடங்கு. இதை உணராத சபை ஆஸ்பத்திரிப் பக்கமே போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. உணர்ந்த சபைகளும் இருக்கின்றன. அவை எங்கிருந்து வந்தன என்று சொல்கிறேன், அம்மாவுக்கான பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில் தோட்டம். இன்று மால், எம்ஆர்டி ரயில் எல்லாம் வந்துவிட்ட சுங்கை பூலோவைப் பார்த்தால் நம்ப முடியாது. ஆனால் இது பால்மரத்து ஊர். 1925-ல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டமே இங்கேதான் இருந்தது. ஊரைச் சுற்றி வரிசையாகக் கட்டிய லயன் வீடுகள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு கள்ளுக்கடை. அங்கே ஒரு தொழிலாளிக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் பார்க்கிறவர் டிரெசர், அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளர். டாக்டர் எப்போதாவது வருவார். டிரெசர்தான் தினமும் இருப்பார்.

மலாயாவுக்கு வந்த டிரெசர்களிலும் கிராணிமார்களிலும் (கணக்கர்களிலும்) யாழ்ப்பாணத்தவர்கள் நிறைய. அதற்குப் பின்னாலும் ஒரு மிஷன் கதை உண்டு. 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தி உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்றுக்கொடுத்தார். 1860-களில் அந்தப் பாடத்தைத் தமிழிலேயே நடத்தினார், மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். நோயாளியின் மொழியில் பேசாதவன் நோயாளிக்கு உதவ முடியாது என்று அவர் நம்பினார். வார்டுக்குப் போகிறவர்களுக்கு இன்றைக்கும் நான் முதலில் சொல்வது அதைத்தான். அவசரப் பிரிவில் ஒரு பாட்டிக்கு டாக்டர் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொன்னதைத் தமிழில் பொறுமையாகத் திருப்பிச் சொல்ல ஆள் இருந்தாலே பாதி பயம் போய்விடும்.

சபைகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெதடிஸ்டுகள் 1885-ல் சிங்கப்பூரில் தொடங்கி தீபகற்பத்துக்குள் வந்தார்கள், தமிழ் ஊழியமும் சீக்கிரமே கூட வந்தது. தரங்கம்பாடி வழி வந்த தமிழ் லுத்தரன்கள் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்சில் கூடினார்கள். அவர்களுடைய சபை பெயரிலேயே 'இவாஞ்சலிகல்' என்று இருக்கிறது. ஆங்கிலிக்கன், பிரதரன், பெந்தெகொஸ்தே என்று ஒவ்வொரு பிரிவும் தோட்டப்புறத்துக்கு வந்தது. உபதேசியார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போவார். அன்றைய தோட்டத்தில் நூறு குடும்பம் இருந்தால் கிறிஸ்தவக் குடும்பம் விரல்விட்டு எண்ணக்கூடியதுதான். அதனால் அந்தச் சபைகள் ஆரம்பத்திலிருந்தே இந்துச் சொந்தக்காரர்களுக்கு நடுவில் வாழப் பழகியவை. அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள்: தோட்டத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பாடை கட்ட எல்லா சாமிக்காரர்களும்தான் வந்தார்கள்.

இனி சுங்கை பூலோவின் சொந்தக் கதைக்கு வருகிறேன். இந்த ஊரில் ஆஸ்பத்திரிச் சபை என்ற சொல்லுக்கு வேறெங்கும் இல்லாத கனம் இருப்பது இதனால்தான்.

1926-ல் கூட்டு மலாய் மாநிலங்களில் தொழுநோயாளிகளைப் பிரித்து வைக்கும் சட்டம் வந்தது. அதுவரை சிலாங்கூர் நோயாளிகளைச் செத்தாப்பாக்கில் ஓர் அடைப்பிடத்தில் வைத்திருந்தார்கள். அதன் நிலை மோசம் என்று பேசி, வேறு மாதிரி ஓர் இடம் வேண்டும் என்று வாதாடியவர்களில் முக்கியமானவர் டாக்டர் ட்ராவர்ஸ். 1930-ல் சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பு திறந்தது. மலைச்சரிவுக்கு நடுவில் 500 ஏக்கருக்கு மேல் நிலம். நீளமான வார்டுகளை மட்டும் கட்டாமல் சின்னச் சின்ன வீடுகளாக, தோட்ட நகரம் என்ற திட்டப்படி கட்டினார்கள். பள்ளிக்கூடம், சந்தை, அங்கே மட்டும் செல்லும் காசு, சிறை, இடுகாடு எல்லாம் உள்ளேயே. பள்ளிவாசல், இந்துக் கோயில், சீனக் கோயில், குருத்வாரா, கிறிஸ்தவ ஆலயம் எல்லாம் உள்ளேயே. நம்பிக்கைப் பள்ளத்தாக்கு என்று பெயர் சொல்வார்கள். நம்பிக்கை இருந்தது, உண்மை. வேலி இருந்ததும் உண்மை.

அங்கே கொண்டுவரப்பட்டவர்களில் தோட்டத் தமிழர்களும் இருந்தார்கள். பால் வெட்டும் கையில் ஒரு தேமல், சூடு தெரியாத ஓர் இடம், டிரெசர் பார்த்துச் சீட்டு எழுதுவார், அதோடு குடும்பம் முடிந்தது. கடிதம் எழுதத் தெரியாதவர்களுக்கு வெளியுலகமே அறுந்துபோகும். இங்கேதான் சபை என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். பிரசங்கம் செய்ய வெளியிலிருந்து போதகர் எப்போதாவதுதான் வர முடியும். மற்ற நாட்களில் ஜெபம் நடத்தியது, கண் போனவருக்கு வேதம் வாசித்தது, ஊருக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தது, செத்தவருக்குக் குழி வெட்டியது எல்லாம் சக நோயாளிகள்தான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதை அழுத்திச் சொல்கிறேன், தங்கச்சி. ஆஸ்பத்திரிச் சபை என்றால் நல்ல உடம்புக்காரர்கள் கூடை நிறையப் பழத்தோடு நோயாளியைப் பார்க்கப் போகும் சபை என்று நாம் நினைக்கிறோம். இந்த ஊரில் அது நோயாளிகளே நோயாளிகளுக்காக நடத்திய சபையாகத் தொடங்கியது. வெளியிலிருந்து வந்தவர்கள் அதில் சேர்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

பிறந்த குழந்தைகளின் கதை இன்னும் கடினமானது. குடியிருப்பில் தம்பதிகளுக்குக் குழந்தை பிறந்தால் நோய் தொற்றும் என்று பயந்து உடனே பிரித்துவிடுவார்கள். சொந்தக்காரர் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்றால் தத்து போய்விடும். அப்படிப் போன பிள்ளைகள் பலர் இன்று ஐம்பது, அறுபது வயதில் தாய் தகப்பனைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பழைய ஞானஸ்நானப் பதிவேடு, அடக்கப் பதிவேடு எந்தச் சபையிடம் இருந்தாலும் கரையான் அரிக்க விடக் கூடாது. ஒரு பெயர், ஒரு தேதி கிடைத்தால்கூட ஒருவருக்கு வேர் கிடைத்த மாதிரி.

ஜப்பான்காரன் காலத்தில் உணவும் மருந்தும் இல்லாமல் அங்கே நிறையப் பேர் செத்தார்கள். அதே காலத்தில்தான் வெளியே தோட்டங்களிலிருந்து நம் ஆட்களைச் சயாமில் (தாய்லாந்தில்) ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். போர் முடிந்து டாப்சோன் மாத்திரை வந்தது, அதற்கு முன் இருந்ததெல்லாம் வலி தாங்க முடியாத சால்மூக்ரா எண்ணெய் ஊசி. டாப்சோனால் நோய் அடங்கியது, ஆனால் சிலருக்குத் திரும்ப வந்தது. கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டது என்று 1964-ல் உலகத்துக்கு முதன்முதலாக நிரூபித்துக் காட்டியது சுங்கை பூலோ ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த நோயாளிகளைக் கொண்டுதான். ரிஃபாம்பிசின் மருந்தின் ஆரம்பச் சோதனைகளும் இங்கே நடந்தன. 1980-களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னதே, இன்று ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ தொழுநோயைக் குணமாக்குகிறதே, அந்த அறிவுக்கு இந்த ஊர் நோயாளிகள் தங்கள் உடம்பைக் கொடுத்திருக்கிறார்கள். தோட்டத்துத் தமிழன் உலக மருத்துவத்துக்கு என்ன கொடுத்தான் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இதில் சபைகள் வெட்கப்பட வேண்டிய ஒன்றும் உண்டு. பாவத்தைக் குஷ்டத்தோடு ஒப்பிட்டுப் பிரசங்கம் செய்யும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. விரல் மழுங்கிய ஒரு தாத்தா முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது அதைப் பேசினால் அவர் எதைக் கேட்பார்? வேதத்தில் சொல்லப்படும் அந்த வியாதி இன்றைய தொழுநோய்தான் என்று வைத்துக்கொள்ள முடியாது என்பதை மருத்துவர்களும் வேத அறிஞர்களும் எப்போதோ சொல்லிவிட்டார்கள். பெரும்பாலான மனிதர்களுக்கு இந்த நோய்க்கு எதிரான இயற்கை எதிர்ப்பு உண்டு, மருந்து தொடங்கியவரிடமிருந்து பரவும் பயமும் இல்லை. ஆஸ்பத்திரிச் சபையின் பிரசங்கியாருக்கு வேதத்தோடு இவ்வளவு மருத்துவமாவது தெரிந்திருக்க வேண்டும்.

1969-க்குப் பிறகு பிரித்து வைக்கும் முறை தளர்ந்தது. கதவு திறந்ததும் எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். போக வீடு இல்லை. பூச்செடி நர்சரி வைத்துப் பிழைத்துக்கொண்டு அங்கேயே இருந்தார்கள். நீங்கள் சனிக்கிழமை செடி வாங்கப் போகிறீர்களே, அந்த வரிசைக் கடைகளின் ஆரம்பம் அதுதான். அதே ஆண்டுகளில் வெளியே இன்னொன்று நடந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்றதும் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். தோட்டப்புறச் சபைகள் பாதி காலியாயின. பிறகு தோட்டங்கள் வீட்டு மனைகளாகின, ரப்பர் ஆராய்ச்சித் தோட்டமும் அப்படித்தான் போனது. மக்கள் அடுக்குமாடிகளுக்கு மாறினார்கள், சபைகளும் லயத்திலிருந்து கடைவீட்டு மாடிக்கு மாறின. ஆலயம் கட்ட நிலம் கிடைப்பது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் சபை மாடியில் இருப்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

2006-ல் இப்போதைய பெரிய ஆஸ்பத்திரி திறந்தது. அடுத்த ஆண்டு குடியிருப்பின் கிழக்குப் பகுதி வீடுகளை இடித்து மருத்துவக் கல்லூரிக்கு இடம் எடுத்தார்கள். அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்கள் நிறையப் பேர், மிஞ்சியதை உலகப் பாரம்பரியமாக அறிவிக்க வேண்டும் என்ற முயற்சி இன்றும் தொடர்கிறது. 2020-ல் கோவிட் வந்தபோது நாட்டின் முதன்மையான கோவிட் ஆஸ்பத்திரி இதுதான். ஆக, ஒரு நோய்க்கு அஞ்சி ஆட்களை ஒதுக்கிய ஊரிலேயே தொண்ணூறு வருடம் கழித்து மறுபடியும் ஒதுக்கி வைக்க வேண்டி வந்தது. அந்த மாதங்களில் வார்டுக்குள் எந்தச் சபைக்கும் இடமில்லை, இருக்கவும் கூடாது. அப்போது சபைகள் கற்றுக்கொண்டது முக்கியம்: நோயாளியிடம் போக முடியாவிட்டால் நோயாளியிடம் போகிறவர்களைத் தாங்கலாம். மிஸ்ஸிமார்கள் (நர்சுகள்), அட்டெண்டர்கள், ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை பார்க்கும் நம் அக்காமார்கள். இவர்களும் ஆஸ்பத்திரிச் சமூகம்தான். டாக்டருக்குக் கைதட்டினார்கள், மாப் பிடித்த அக்காவை யாரும் கேட்கவில்லை.

அதனால்தான் உங்கள் சபை ஞாயிறு மாலையிலும் ஓர் ஆராதனை வைத்திருக்கிறதா என்று பாருங்கள். காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிகிறது, இரவு ஷிப்ட் ஒன்பதுக்குத் தொடங்குகிறது. ஞாயிறு காலை மட்டும் கதவு திறக்கும் சபை தன்னை ஆஸ்பத்திரிச் சபை என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை.

சரி, மதம் மாற்றுகிற விஷயம். சுவிசேஷ சபை என்றால் இயேசுவைப் பற்றிய நற்செய்தியைச் சொல்வது தன் கடமை என்று நம்பும் சபை. இதை அம்மாவிடம் மறைக்காதீர்கள். மறைத்தால் பின்னால் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டார். ஆனால் சொல்வதற்கு இடம் உண்டு, முறை உண்டு. நம் நாட்டு அரசமைப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு சமயச் சுதந்திரம் தருகிறது. அதே பிரிவு, முஸ்லிம்களிடம் பிற சமயத்தைப் பரப்புவதை மாநிலங்கள் கட்டுப்படுத்தலாம் என்றும் சொல்கிறது. சிலாங்கூரில் 1988-லிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது. ஒரே வார்டில் மலாய்க்காரர், சீனர், தமிழர், இந்தோனேசியர் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறார்கள். சத்தமாகப் பாடுவது, கைப்பிரதி வைத்துவிட்டு வருவது இதெல்லாம் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடலாம், மரியாதைப்படியும் தப்பு.

வேதமே இதற்கு ஒழுங்கு தருகிறது. யாக்கோபு நிருபத்தில், வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும் என்று எழுதியிருக்கிறது. முதலில் கூப்பிட வேண்டியவர் நோயாளி. கூப்பிட்டால் போ, கூப்பிடாவிட்டால் வெளியே இருந்து ஜெபம் பண்ணு. கூப்பிட்டுப் போனாலும் முதலில் மிஸ்ஸியிடம் கேள். கை கழுவு. காயத்துக்குப் பக்கத்தில் எண்ணெய் வேண்டாம். பத்து நிமிடம் போதும், அவருக்குக் களைப்பாக இருக்கும்.

இன்னொன்றைக் கோபத்தோடே சொல்கிறேன். "விசுவாசம் இருந்தா மருந்து எதுக்கு" என்று இன்சுலினை நிறுத்தச் சொன்ன ஊழியக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு அந்த நோயாளியைக் காலில் அழுகலோடு அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்ததையும் பார்த்திருக்கிறேன். தேவன் சுகமளிக்கிறார் என்று நானும் விசுவாசிக்கிறேன், அதற்காக ஜெபிக்கிறேன். மருந்தை நிறுத்தச் சொல்வது விசுவாசம் அல்ல, பாவம். உங்கள் சபையில் யாராவது அப்படிப் பேசினால் அன்றைக்கே மூப்பர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் கண்டுகொள்ளவில்லை என்றால் அந்தச் சபையை விட்டு வந்துவிடுங்கள்.

இன்று தோட்டம் விட்டு வந்த நம் மக்களின் பெரிய நோய் தொழுநோய் இல்லை, சர்க்கரை. அதன் பின்னால் சிறுநீரகம். டயாலிசிஸ் என்றால் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க. வேலை போய்விடும், போக வர கிராப் வாடகைக் கார் காசு மட்டுமே குடும்பத்தை அரித்துவிடும். இங்கே சபைக்குப் பிரசங்கத்தை விட வேன்தான் முதலில் தேவை. பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுக்க ஓர் ஆள், சமூகநல இலாகாவுக்குக் கூடப் போக ஓர் ஆள் தேவை. பார்க்கப் போகும்போது வாழைப்பழம், ஆரஞ்சு, இளநீர் கொண்டுபோகாதீர்கள், பொட்டாசியம் ஏறி இதயத்தைப் பாதிக்கும். பிளிம்பிங் என்கிறோமே, நட்சத்திரப் பழம், அது சிறுநீரகம் போனவருக்கு உயிரையே வாங்கும் நஞ்சு. அன்பாகக் கொண்டுபோன பழம் ஆளைக் கொல்லக் கூடாது.

இந்துக் குடும்பத்தில் ஒருவர் மட்டும் விசுவாசியாக இருந்து இறந்துபோனால் என்ன செய்வது என்பதையும் சீக்கிரமே சந்திப்பீர்கள். அவர் பேச்சோடு இருக்கும்போதே, குடும்பத்தையும் கூட வைத்துக்கொண்டு, அவர் விருப்பத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். அப்படி எழுதாமல் போய்விட்டால் பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சண்டை போடாதீர்கள். குடும்பம் தன் முறைப்படி காரியம் செய்யட்டும், சபை அங்கே போய் நிற்கட்டும், தண்ணீர் எடுத்துக் கொடுக்கட்டும், பதினாறாம் நாளும் போகட்டும். தேவனுக்குத் தம்முடையவர்களைத் தெரியும்.

அம்மாவைப் பற்றி ஒரு யோசனை. அவரோடு விவாதம் செய்யாதீர்கள். சபையில் வண்டி ஓட்டும் அண்ணனிடம் கேட்டு, செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் நடைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். வண்டியில் வருகிறவர்களில் பாதிப் பேர் நெற்றியில் விபூதியோடுதான் இருப்பார்கள், அவர்களிடம் அம்மாவே கேட்டுக்கொள்ளட்டும். யாராவது கட்டாயப்படுத்தினார்கள், காசுக்குப் பதில் ஞானஸ்நானம் கேட்டார்கள் என்று ஒருவர் சொன்னாலும் அம்மா சொன்னதுதான் சரி, நீங்களும் அங்கே போக வேண்டாம். இல்லை என்றால், வார்டுக்குப் போகும் குழுவில் சேருவதற்கு முன் ஒரு வருடம் அந்த வேனிலேயே வேலை செய்யுங்கள், பாரம் நிரப்பக் கற்றுக்கொள்ளுங்கள். ஜெபம் பண்ணச் சொல்லி அவர்களே கேட்கும் நாள் வந்தால் அப்போது பண்ணுங்கள்.